இடுப்பில் கட்டியதும் தலையில் கட்டியதும்

வேட்டி அணிந்தார், சேலை அணிந்தார், சட்டை அணிந்தார், கண்ணாடி அணிந்தார், கைக்கடிகாரம் அணிந்தார் என்று நாளிதழ்களும் பாடநூல்களும் எழுதுகின்றன. வீட்டில் பேசும்போது இந்த ஐந்தையும் ஒரே வினையால் சொல்லும் தமிழரைக் காண்பது அரிது. வேட்டியைக் கட்டுகிறோம். சேலையைக் கட்டுகிறோம், தென்மாவட்டங்களில் உடுத்துகிறோம். சட்டையைப் போடுகிறோம், அவசரமென்றால் மாட்டுகிறோம். கண்ணாடியைப் போடுகிறோம், வாட்ச்சைக் கட்டுகிறோம். பூவை வைக்கிறோம், ஏட்டில் அதையே சூடுகிறோம். சாமிக்கு மட்டும் வஸ்திரத்தைச் சாத்துகிறோம்.

தைக்காத துணிக்குக் ‘கட்டு’, தைத்ததற்குப் ‘போடு’ என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. பாதிக்கு அது சரி. ஆனால் கைலியை மூட்டித்தான் உடுத்துகிறோம்; இரு ஓரங்களையும் சேர்த்துத் தைத்த துணி அது. இருந்தும் கைலி ‘கட்டு’வதுதான். தாவணி தையல் படாத துணி; அதைப் பெரும்பாலும் ‘போடு’கிறார்கள். முக்காடும் போடுவதுதான். ஆகவே தமிழ் தையலைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கிறது. உடம்பைச் சுற்றி இறுக்கி, அந்த இறுக்கத்தாலேயே நிற்கும்படி செய்தால் அது கட்டு. மேலிருந்து விழவிட்டாலோ உடம்பை உள்ளே நுழைத்தாலோ போடு. வெளிநாட்டிலிருந்து வந்த பொருள்களையும் பேச்சுத் தமிழ் இந்த அளவுகோலால்தான் அளந்தது. டை வந்ததும் கட்டினோம். கோட்டு வந்ததும் போட்டோம். ஷூவைப் போட்டு அதன் லேஸைக் கட்டினோம். யாரும் கூடி முடிவெடுத்ததில்லை, இலக்கண நூல் எதுவும் விதி சொன்னதில்லை.

இந்தக் கட்டுரை ‘கட்டு’ என்ற ஒரு வினையைப் பற்றியது. துணியில் அதற்குள்ள நேர்ப்பொருளையும் வாழ்க்கையில் அதற்குள்ள அணிப்பொருள்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது: யார் யாருக்கு எந்த இடத்தில் கட்டுகிறார்கள் என்பதை வைத்தே அந்த வினை மரியாதையாகவோ சுமையாகவோ அடிமைத்தனமாகவோ மாறுகிறது.

கட்டு என்பதன் முதற்பொருள் துணியைச் சார்ந்தது என்று நான் சொல்லவில்லை. பிணைத்தல், இறுக்குதல் என்பதே வேர்ப்பொருள். பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இதன் உறவுச் சொற்கள் தென்னாட்டு மொழிகள் பலவற்றிலிருந்தும் திரட்டப்பட்டுள்ளன. தாலி என்று வந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கட்டுகின்றன, மலையாளம் ‘கெட்டு’கிறது. உடைக்கு வரும்போது வழி பிரிகிறது. கன்னடத்தில் சீரைக்கு ‘உடு’தான் இயல்பான வினை. மலையாளத்தில் முண்டையும் சேலையையும் உடுக்கிறார்கள். தெலுங்கில் தமிழைப் போலவே சீரையைக் கட்டுகிறார்கள். ஒரு பெண்ணின் நடையுடைப் பாங்கு முழுவதையும் ‘கட்டு பொட்டு’ என்ற இரு சொற்களில் சொல்லிவிடுகிறார்கள். கணவன் மனைவியைக் குறிக்க மலையாளத்தில் கெட்டியோன், கெட்டியோள் என்ற சொற்கள் உண்டு. தெலுங்கில் கணவனைக் ‘கட்டுகொன்னவாடு’ என்பார்கள்.

தமிழிலும் பழைய வினை ‘உடு’தான். முழு நிலத்தையும் ஆளும் அரசனும் இரவு பகல் தூங்காமல் விலங்கின் பின்னால் ஓடும் வேடனும் உண்பதிலும் உடுப்பதிலும் சமம் என்கிறது புறநானூற்றின் 189ஆம் பாடல். ஆளுக்கு உடுப்பது இரண்டே துணி என்று நக்கீரர் கணக்குச் சொல்கிறார். உடுத்த துணி நழுவும்போது கை தானே விரைவதை நட்புக்கு உவமையாக்குகிறது 788ஆம் குறள். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் சுந்தரனார் கடலை நிலமகள் உடுத்த ஆடையாகக் கண்டார். அந்த வாழ்த்தைத்தான் நாம் ஒவ்வொரு விழாவிலும் பாடுகிறோம். உடு என்ற வினையின் அணிப்பொருள்கள் இப்படிப் புலவர்கள் தேடி எடுத்தவை. கட்டு என்ற வினையின் அணிப்பொருள்கள் வயலிலும் தெருவிலும் சண்டையிலும் பிறந்தவை. ஒரே ஒரு இடத்தில் உடு மக்கள் வாயில் ஆழமான பொருளோடு நிற்கிறது. 1995 அக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்தை விட்டு லட்சக்கணக்கானோர் வெளியேறிய கதையைச் சொல்லும் ஈழத்தமிழர்கள், உடுத்த உடுப்போடு வந்தோம் என்பார்கள். எல்லாவற்றையும் இழந்ததைச் சொல்ல அவர்களுக்கு அந்த இரண்டு சொற்கள் போதும்.

இடுப்பிலிருந்து தொடங்கலாம். வேட்டியைத் தழையக் கட்டினால் ஓய்வு, சபை, மரியாதை. மடித்துக் கட்டினால் வேலை, வெயில், அவசரம். தார்பாய்ச்சிக் கட்டினால் ஏர், போர், சடங்கு. ஒரே துணி, கட்டும் விதத்தால் மூன்று வேறு மனிதர்களைக் காட்டுகிறது. மடித்துக் கட்டிய வேட்டியைப் பெரியவர் எதிரே வரும்போது கீழே இறக்கிவிடும் வழக்கம் இன்றும் கிராமங்களில் இருக்கிறது. அந்தச் சின்ன அசைவுக்குள் ஒரு வணக்கம் இருக்கிறது. ‘வரிந்து கட்டிக்கொண்டு வந்தான்’ என்பது சண்டைக்கு வந்தவனைப் பற்றிய சொல். அவன் கால்சட்டையோடு வந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். கச்சை கட்டிக்கொண்டு நிற்பவனும் அதே குடும்பம். கங்கணம் கட்டிக்கொண்டு ஒரு காரியத்தில் இறங்குவது இடுப்பிலிருந்து மணிக்கட்டுக்கு நகர்ந்த வடிவம். இந்த மூன்றிலும் கட்டுபவரும் கட்டப்படுபவரும் ஒருவரே. தன்னைத் தானே இறுக்கிக்கொள்வது வீறாகிறது.

துண்டு இதைவிடப் பெரிய வரலாறு உடையது. அது ஒரு முழத்துணி. ஆனால் உடம்பில் எங்கே இருக்கிறது என்பதில் தமிழ்ச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் எழுதப்பட்டிருந்தது. தோளில் போடும் துண்டை, ஆதிக்க சாதிக்காரர் தெருவில் வரும்போது எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது பல ஊர்களில் சட்டத்தைவிட வலிமையான கட்டளையாக இருந்தது. நாகசுரம் வாசித்தவர்களுக்கும் அந்தக் கட்டளை இருந்தது. ஊர்வலத்தில் மல்லாரி வாசிக்கும் மாபெரும் வித்துவானும் துண்டை இடுப்பில் கட்டியபடியே வாசித்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கிராப்பு வைத்து, கோட்டும் ஷெர்வானியும் போட்டுக்கொண்டு வாசித்ததை வெறும் ஆடம்பரமாகப் பார்ப்பவர்கள், அந்தத் துண்டு இருந்த இடத்தை மறந்துவிட்டவர்கள். சுயமரியாதை இயக்கம் வளர்ந்த காலத்தில் தோளில் துண்டு போட்டு நடப்பதே ஓர் அரசியல் செயலாயிற்று. இடுப்பில் ‘கட்டு’வதிலிருந்து தோளில் ‘போடு’வதற்கு ஏறியதுதான் அங்கே விடுதலை. முன்பத்தியில் வீறாக இருந்த அதே இடுப்புக் கட்டு இங்கே பணிவாகிவிடுகிறது. வினை மாறவில்லை, கட்டச் சொன்னவர் வேறு.

பெண்களின் உடம்பில் இது இன்னும் கொடூரமாக நடந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859 ஜூலை 26 அன்று மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வெளியிட்ட ஆணையில் அந்த உரிமை ஓரளவு கிடைத்தது. ஆணை எப்படிக் கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கிறித்தவ நாடார் பெண்களைப் போலச் சட்டை போட்டுக்கொள்ளலாம்; முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம்; வேறெப்படியும் மறைத்துக்கொள்ளலாம்; ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. மறைக்கலாம் என்று சொன்ன பிறகும் கட்டும் முறையை அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. துணி எவ்வளவு என்பதைவிட அது உடம்பில் எப்படி நிற்கிறது என்பதில்தான் சாதி தன் அடையாளத்தை வைத்திருந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

துண்டின் அணிப்பொருள்கள் இந்த வரலாற்றுக்குப் பிறகு எளிமையானவை. பேருந்துச் சன்னல் வழியாக இருக்கையில் எறிந்து இடம் பிடித்த துண்டு, இன்று பதவிக்கும் கூட்டணிக்கும் ‘துண்டு போட்டு வைப்பதாக’ வளர்ந்திருக்கிறது. எல்லாம் தொலைத்தவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போகிறான்.

தலையில் ‘போட்டுக்கொள்வது’ இழப்பு என்றால், தலையில் ‘கட்டுவது’ என்ன? கோயிலில் பரிவட்டம் கட்டுவது ஊரின் உச்ச மரியாதை. சாமிக்குச் சாத்திய பட்டுத்துணியை அர்ச்சகர் எடுத்து ஒருவர் தலையில் கட்டும்போது, அந்த ஊரில் முதல்வர் யார் என்று எல்லோருக்கும் அறிவிக்கப்படுகிறது. யாருக்கு முதலில் கட்டுவது என்ற தகராறில் திருவிழாக்கள் நின்றிருக்கின்றன. வெள்ளையர் காலத்திலிருந்து நீதிமன்றங்கள் கோயில் மரியாதை வழக்குகளைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலை ஆராய்ந்து அர்ஜுன் அப்பாதுரை 1981இல் வெளியிட்ட நூல், இந்த மரியாதைகள் வெறும் அலங்காரமல்ல, அதிகாரப் பங்கீடு என்பதை விரிவாகக் காட்டியது. ஆனால் அதே தமிழில், ‘என் தலையில கட்டிட்டான்’ என்றால் என்ன? விற்காத சரக்கை, யாரும் விரும்பாத வேலையை, பொறுப்பை என்மேல் சுமத்திவிட்டான் என்று பொருள். இரண்டிலும் தலை ஒருவருடையது, கை இன்னொருவருடையது. கட்டப்படுபவர் குனிந்து கொடுத்தால் பரிவட்டம், கேட்காமல் கட்டினால் சுமை. இடையில் இருக்கும் வேறுபாடு சம்மதம் ஒன்றுதான்.

இந்தச் சம்மதத்தைக் காட்டத் தமிழிடம் ஓர் இலக்கணக் கருவி இருக்கிறது: ‘கொள்’ என்ற துணைவினை. ‘வேட்டியைக் கட்டிக்கிட்டான்’, ‘அம்மாவைக் கட்டிக்கிட்டான்’, ‘அத்தை மகளைக் கட்டிக்கிட்டான்’. முதலாவது உடுத்தல், இரண்டாவது தழுவல், மூன்றாவது மணம். மூன்றிலும் எழுவாய் எதையோ தன் உடம்போடு சேர்த்துக்கொள்கிறது. ‘பாவத்தைக் கட்டிக்கொள்ளாதே’ என்று பாட்டிகள் எச்சரிப்பதும் இதே வடிவம். பாவமும் உடம்பைச் சுற்றிக்கொள்ளும் ஒன்று. ‘போகும்போது கட்டிக்கிட்டா போகப்போறோம்?’ என்ற கேள்வியில் கடைசித் துணியின் நினைவும் மூட்டையின் நினைவும் கலந்திருக்கின்றன. ‘மாட்டு’ என்ற வினையையும் இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். சட்டையை மாட்டிக்கொள்பவன் உடுத்துகிறான். வசமாக மாட்டிக்கொள்பவன் சிக்குகிறான். உடையை உடம்புக்குக் கொண்டுவரும் வினைகளில் இந்த இரட்டை முகம் மீண்டும் மீண்டும் தென்படுகிறது.

மணத்துக்கு வருவோம். ஆண் ‘கட்டுகிறான்’ அல்லது ‘கட்டிக்கொள்கிறான்’. பெண்ணைப் பெற்றவர் ‘கட்டிக் கொடுக்கிறார்’. பெண்ணும் ‘அவரைத்தான் கட்டிக்குவேன்’ என்று சொல்லலாம், சொல்கிறாள். ஆனால் சடங்கில் கட்டும் கை ஆணுடையதே. கழுத்து அவளுடையது. இந்தக் கட்டுக்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டுப் பார்த்தால் வினையின் உள்ளே இருக்கும் கொடுமை வெளியே வருகிறது. வேட்டியை அவிழ்க்கிறோம். சட்டையைக் கழற்றுகிறோம். கூந்தல் முடிச்சையும் மூட்டை முடிச்சையும் அவிழ்க்கிறோம். தாலியை அறுக்கிறோம். மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிய ஒன்றுக்கு, அவிழ்ப்பது என்ற வழியை மொழி திறந்து வைக்கவே இல்லை. ‘தாலியறுத்தவள்’ என்பது கணவனை இழந்த பெண்ணை நோக்கி வீசும் வசையாகவும் ஆனது. கட்டும்போது செயல் ஆணுடையது. அறுபடும்போது பழி பெண்ணுடையது. ஒரு சொல்லின் நேர்ப்பொருளும் அணிப்பொருளும் ஒன்றாகி ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதன் மேலும் விழுந்த இடம் இது.

சுயமரியாதைத் திருமணங்களைச் சட்டப்படி செல்லத்தக்கவையாக்க 1967இல் அண்ணாதுரை அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மணமக்கள் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாக அறிவித்தால் போதும். அல்லது ஒருவருக்கொருவர் மாலையிடலாம், மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். சட்டத்தின் சொல்லமைப்பை உற்றுப் படித்தால் ஒன்று புலப்படும். மாலைக்கும் மோதிரத்துக்கும் ஒவ்வொருவரும் மற்றவருக்கு என்று எழுவாய் இருபுறமும் வைக்கப்பட்டிருக்கிறது. தாலி கட்டுவதற்கு எழுவாயே இல்லை. தாலி கட்டுதல் என்று மட்டும் இருக்கிறது. யார் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லாததில் ஒரு வாசல் இருக்கிறது என்றே நான் படிக்கிறேன்.

வேடத்துக்கும் இந்த வினை உண்டு. தெருக்கூத்தில் கர்ணன் வேஷம் ‘கட்டுகிறார்’கள். மாலையில் தொடங்கி முகம் எழுதி, மார்பிலும் புயத்திலும் தலையிலும் ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டி முடிக்கும்போது ஆள் மாறியிருப்பார். வடமலபாரில் தெய்யத்தை ‘கெட்டு’கிறார்கள், கெட்டியவர் அந்த இரவு முழுவதும் தெய்வம், சாதியில் மேலிருப்பவரும் அவர்முன் குனிந்து வாக்குக் கேட்பார். இதற்கு எதிரே ‘வேஷம் போடுகிறான்’ என்பதை வையுங்கள். அங்கே பொய் வந்துவிடுகிறது. நல்லவன்போல வேஷம் போடுகிறான் என்போம். பேச்சு வழக்கில் இரண்டு வினைகளும் ஒன்றன் இடத்தில் ஒன்று வருவதுண்டு. ஆனால் பாசாங்குக்குத் தமிழ் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது ‘போடு’வைத்தான். மேலே எறிந்ததை எளிதாக எடுத்துவிடலாம், இறுக்கிக் கட்டியது உடம்போடு ஒன்றிவிடும் என்ற உணர்வு அந்தத் தேர்வில் வேலை செய்வதாக எனக்குத் தோன்றுகிறது. ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டிய பிறகு வெளியூர் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கும் இந்த உணர்வே அடி. மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நூல், அவ்வளவுதான். ஆனால் கட்டப்படுவது ஊர்.

வீடு கட்டுவது, பணம் கட்டுவது, பாட்டுக் கட்டுவது, இல்லாததை இட்டுக்கட்டுவது ஆகியவை உடையிலிருந்து வந்தவை அல்ல. வேரிலிருந்து வேறு கிளைகளாகப் பிரிந்தவை. மூங்கிலையும் ஓலையையும் கயிற்றால் பிணைத்தே குடிசை எழுந்தது. காசை மடிசீலையில் முடிந்து இடுப்பில் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது, ஆனால் பணம் கட்டுவது அங்கிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். செய்யுளின் கட்டமைப்புக்கு முன்னோர் வைத்த பெயர் யாப்பு. யாத்தல் என்றாலும் கட்டுதலே. அதன் உறுப்புகளில் இரண்டுக்குத் தளை என்றும் தொடை என்றும் பெயர். அதற்குமேல் வரும் உவமை, உருவகம் முதலியவற்றுக்கு அணி. ஒரு சொல் தன் நேர்ப்பொருளைக் கடந்து செல்வதைப் பற்றிய இலக்கணத்துக்கே நாம் உடல் ஒப்பனையின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

அந்த ‘அணி’ இன்று வினையாக வந்து மற்ற வினைகளை விழுங்குகிறது என்பது என் கவலை. பேச்சில் எந்தக் குறையும் இல்லை. கொரோனா காலத்தில் சுவரெல்லாம் ‘முகக்கவசம் அணிவீர்’ என்று இருந்தபோது மக்கள் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எழுத்தில்தான் இழப்பு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்ற நிகழ்ச்சிக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி உள்ளே விடப்படவில்லை. அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம், பொது இடங்களில் வேட்டிக்குத் தடை விதிப்பதைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. வேட்டியைக் காப்பாற்றிய அந்த வாரங்களில் செய்தித்தாள்களின் தலைப்புகளில் நிறைந்திருந்தது ‘வேட்டி அணிந்து’ என்ற தொடர்.

ஏட்டுத் தமிழுக்கும் நுட்பம் தெரியாததல்ல. ‘பூண்’ என்பது நகைக்கு உரிய வினை. அதையே துறவுக்குக் கொடுத்தது தமிழ்: துறவு பூண்டார், விரதம் பூண்டார். எல்லா நகையையும் களைந்தவருக்கு நகையின் வினையையே சூட்டிய அந்தத் துணிவு எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருவது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையை விட்டு முழத்துண்டுக்கு மாறியதை ‘அரையாடை பூண்டார்’ என்று எழுதும்போது, கோவணம்போல் கட்டிய ஏழைத் துணியும் சூளுரையும் ஒரே வினையில் வந்து சேர்கின்றன. ‘அணிந்தார்’ என்றால் அது வெறும் உடைமாற்றம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) கட்டு என்ற வினையின் பொருள்களை வரிசைப்படுத்தியது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் வழக்கிலிருந்து வாக்கியம் தந்தது. அடுத்த வேலை இன்னும் செய்யப்படாமல் இருக்கிறது: எந்த உடைக்கு எந்த ஊரில் எந்த வயதினர் எந்த வினையைச் சொல்கிறார்கள், அதை எப்படிக் களைகிறார்கள் என்பதைக் கேட்டுப் பதிவது. மூட்டு, செருகு, கொசுவம் வை, தார்பாய்ச்சு போன்ற வினைகளை இயல்பாகச் சொல்லும் கடைசித் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. மறுபக்கம், கொசுவத்தை முன்கூட்டியே தைத்துவிட்ட சேலையும் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டியும் கடைகளுக்கு வந்துவிட்டன. முடிச்சும் இல்லை, செருகலும் இல்லை, உடம்பை நுழைத்தால் போதும். அவற்றை வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் ‘கட்டுகிறேன்’ என்கிறார்களா, ‘போடுகிறேன்’ என்கிறார்களா என்பதை இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.